கடற்கரைப் பயணத்துக்கு மே மாதமா?

தமிழகத்தில் கடற்கரைச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும் முறை ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் ஒன்றுதான். பிள்ளைகளின் தேர்வு முடியும் நாளைப் பார்ப்பார்கள். மே மாதத்தில் ஒரு வாரத்தைக் குறிப்பார்கள். கடல் தெரியும் ஜன்னலுள்ள அறையைத் தேடுவார்கள். அறை எந்த ஊரில் கிடைக்கிறதோ அதுவே போகிற ஊர். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்வி ரயில் கிளம்பிய பிறகு கைப்பேசியில் கேட்கப்படும். சும்மா காற்று வாங்கப் போகிறவர்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் பறவை, ஆமை, பவளம், அலையாத்திக் காடு என்று இயற்கையைப் பார்ப்பதற்காகவே புறப்படுகிறவர்களும் இதே வரிசையில்தான் திட்டமிடுகிறார்கள். பயண ஏற்பாட்டாளர்களின் விளம்பரங்களும் பத்திரிகைகளின் கோடைச் சிறப்பிதழ்களும் அந்த வரிசையையே சொல்லிக்கொடுக்கின்றன. வரிசை தலைகீழாக இருக்கிறது. இயற்கையைத் தேடிப் போகும் கடற்கரைப் பயணத்தில் காலம்தான் முதலில் முடிவாக வேண்டும், இடம் அதற்குப் பிறகு, அறை கடைசியில்.

பரவலான இந்தக் கருத்துக்கு அடியில் சில நம்பிக்கைகள் கிடக்கின்றன. வெயில் காலத்தில் கடற்கரை குளுமையாக இருக்கும் என்பது ஒன்று. கோடையில் கடல் அமைதி, மழைக்காலத்தில் ஆபத்து என்பது இன்னொன்று. கடலும் மணலும் எங்கேயும் ஓடிவிடாது, எப்போது போனாலும் இருக்கும் என்பது கடைசி. முதல் இரண்டும் பாதி உண்மை. கடைசியானது முழுப் பிழை. பயணங்களைக் கெடுப்பதும் அதுதான்.

கோடை விடுமுறை என்ற வழக்கமே மலைக்குரியது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மே மாதத்தில் போவதில் அர்த்தமிருக்கிறது; உயரம் ஏற ஏற வெப்பம் குறையும். கடலோரத்துக்கு அந்த வசதி கிடையாது. அங்கே வெயிலைத் தணிப்பது கடற்காற்று மட்டுமே. அது நேரம் பார்த்துத்தான் வரும். மே மாதத்தில் கிழக்குக் கரையில் கடற்காற்று நண்பகலை ஒட்டிக் கரையேறும். மேற்கிலிருந்து வீசும் நிலக்காற்று வலுத்துவிட்டால் பிற்பகல் வரை அது உள்ளே வராது. சென்னையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அப்படிப்பட்ட நாட்களில்தான். கரையோரக் கடல்நீரே 29, 30 டிகிரிக்கு வந்துவிடும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராது. காலை ஒன்பது மணிக்கு மேல் மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. கத்திரி வெயிலில் கடற்கரைக்குப் போன குடும்பம் பகல் முழுவதும் குளிரூட்டிய அறையில் அடைந்து கிடப்பதும், மாலை ஐந்தரைக்குத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத் திரும்புவதும் இதனால்தான். அறையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது போலும்: விடுமுறையின் பெரும்பகுதி அதற்குள்ளேயே கழியப்போகிறது.

கோடைக் கடல் அமைதியானது என்பதற்கு எந்தக் கடல் என்று திருப்பிக் கேட்க வேண்டும். பாம்பன் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தென்மேற்குக் காற்று வலுக்கும் மே மாதம் முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும்; வடகடலில் அலையே இருக்காது. ஐப்பசியில் வாடை திரும்பினால் நிலைமை மாறும். தனுஷ்கோடியில் சாலையின் ஒரு பக்கத்தை ஆண் கடல் என்றும் மறுபக்கத்தைப் பெண் கடல் என்றும் உள்ளூரார் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே சில நூறு மீட்டர்தான் தூரம். ஒரே நாளில், ஒரே ஊரில், அமைதியான கடலும் ஆபத்தான கடலும் அடுத்தடுத்து இருக்கும்போது மாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லப்படும் அமைதிக்கு என்ன பொருள்?

கன்னியாகுமரிக் கரையில் கோடை இன்னும் மோசம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்கள் கிளப்பிவிடும் நீளலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத தெளிந்த நாளில் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் வந்து மோதும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அதற்கு முன்பே எச்சரிக்கை விடுத்திருந்தது. வானம் தெளிவாக இருந்தால் கடல் சாது என்று எண்ணும் மனத்துக்கு அந்த எச்சரிக்கை ஏறவில்லை. கடலோரப் பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் அறை வாடகையை ஒப்பிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை அந்த மையத்தின் அலை அறிவிப்புக்கு ஒதுக்கினாலே போதும்.

எப்போது போனாலும் இருக்கும் என்ற கடைசி நம்பிக்கையைச் சோதிக்கக் கோடியக்கரையைவிட நல்ல இடம் கிடையாது. சென்னையிலிருந்து தெற்கே இறங்கும் கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனை அது. 1967இல் வனவிலங்குச் சரணாலயமானது. அதை ஒட்டி விரிந்து கிடக்கும் வேதாரண்யம் பெருஞ்சதுப்பையும் சேர்த்து 385 சதுர கிலோமீட்டர் 2002இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் இருபது ஆண்டுகள் தமிழகத்துக்கு இருந்த ஒரே ராம்சர் தலம் அதுதான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு வலசையை ஆராய்ந்துவரும் இடமும் கூட. மே மாதத்தில் அங்கே போகிறவர் காண்பது வெடித்த சேறும் வெள்ளை உப்புப் பொருக்கும் கானல்நீரும்தான். பூநாரை எங்கே என்று கேட்டால் காவலர் வடக்கே கையைக் காட்டுவார். ஏமாந்து திரும்புகிறவர்கள் அங்கே ஒன்றும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். சரணாலயத்தின் மீது விழும் இந்தப் பழி உண்மையில் நாள்காட்டியின் மீது விழவேண்டியது.

சதுப்பின் ஆண்டு மழையில்தான் தொடங்குகிறது. தமிழகம் ஆண்டு முழுவதும் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. கடலோர மாவட்டங்களில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். கோடையில் உப்பேறிக் காய்ந்த நிலத்தில் மழைநீர் தேங்க, உவர்ப்பு தணிகிறது. பாசி பிடிக்கிறது, சேற்றுப் புழுக்களும் சிற்றிறால்களும் பூச்சிக் குடம்பிகளும் பெருகுகின்றன. வடக்கே சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்த கரைப்பறவைகள் ஆகஸ்டு கடைசியிலேயே வரத் தொடங்கி, நவம்பர் முதல் ஜனவரி வரை நிறைந்திருக்கின்றன. மார்ச்சில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்புகின்றன. ஏப்ரல் முடியும்போது தண்ணீரும் வற்றும், பறவைக் கூட்டமும் கலைந்திருக்கும். இந்தச் சுழற்சியில் எந்த மாதத்திலும் இயற்கை இல்லாமல் போவதில்லை. ஆனால் பார்க்க வந்தவர் நினைத்து வந்த காட்சிக்கு நான்கைந்து மாதங்கள்தான் ஆயுள்.

அந்த நான்கைந்து மாதங்களுக்குள்ளும் தண்ணீரின் ஆழம் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஜனவரிக் காலையில் சதுப்பின் ஓரத்தில் கால்மணி நேரம் நின்றால் இது கண்ணுக்குத் தெரியும். ஈரம் மட்டும் உள்ள விளிம்பில் உப்புக்கொத்திகள் ஓடி, நின்று, பார்த்து, ஒரு கொத்துக் கொத்தி மறுபடி ஓடும். அவை கண்ணால் இரை தேடுகின்றன. அடுத்து, தண்ணீர் மினுக்கும் சேற்றில் கொசு உள்ளான்கள். எடை முப்பது கிராமைத் தாண்டாத அந்தப் பறவைகள் தையல் இயந்திரத்தின் ஊசிபோல விடாமல் அலகால் குத்திக்கொண்டே நகரும். கணுக்கால் ஆழத்தில் பவளக்காலிகள். கோட்டான் என்ற பெயருள்ள கரைப்பறவை தன் நீண்டு வளைந்த அலகை நண்டு வளைக்குள் முழுவதுமாக இறக்கும். இவற்றுக்கெல்லாம் அப்பால், முழங்கால் ஆழத்தில், பூநாரைகள் தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக வைத்து நீரை அரித்துக்கொண்டிருக்கும். காலால் சேற்றை மிதித்துக் கிளறிவிட்டு, கலங்கிய நீரை வடிகட்டும். ஒவ்வொன்றுக்கும் சில விரல்கடை ஆழம்தான் எல்லை. நீர்மட்டம் ஒரு சாண் உயர்ந்தால் சின்னக் கால்களுக்கு இடம் கிடையாது. பெருமழை பெய்து முடிந்த டிசம்பர் வாரத்தில் உள்ளான்கள் குறைந்திருப்பதும், தண்ணீர் இறங்கத் தொடங்கும் ஜனவரியில் எல்லாவகையும் ஒரே இடத்தில் கூடுவதும் இதனால்தான். எனவே குளிர்காலத்தில் போனால் போதும் என்பதுகூடப் போதாது. அந்த ஆண்டு மழை எப்படி, எப்போது ஓய்ந்தது என்று கேட்டறிய வேண்டும். வேதாரண்யத்தில் யாரிடமும் கேட்கலாம். உப்பளத்துக்காரர்களுக்கு இது வயிற்றுப்பாட்டுக் கணக்கு.

தனுஷ்கோடியிலும் இதே கதை. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு ஆண்டெல்லாம் வாகனம் ஓடுகிறது. கோதண்டராமர் கோயிலை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்பதோ மழைக்குப் பிந்தைய சில மாதங்கள்தான். 2025இல் அப்பகுதி பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அறிவிப்பைப் படித்துவிட்டு மே மாதத்தில் அறை பிடிக்கிறவர்கள் 1964 புயல் விட்டுவைத்த இடிபாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அதுவும் பார்க்கத்தக்கதுதான், ஆனால் அதற்கு இறகு கிடையாது.

ஆமைகளுக்கு வருவோம். பங்குனி ஆமைகள் சென்னை உள்ளிட்ட சோழமண்டலக் கரையில் முட்டையிட ஏறுவது ஜனவரி முதல் மார்ச் வரை. முன்னும் பின்னும் சில வாரங்கள் நீளும். நள்ளிரவுக்கு முன்பின்னாகப் பெண் ஆமை கரையேறி, அலை எட்டாத உயரத்தில் பின்துடுப்புகளால் குடம்போலக் குழி பறித்து, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மூடி, தன் உடலால் மண்ணைத் தட்டி இறுக்கிவிட்டுப் போகும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சு வரும். மணலின் சூடுதான் பாலைத் தீர்மானிக்கும். சூடு கூடினால் பெண். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழு, பருவத்தின் இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறது. வார இறுதி நடைகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறது. மார்ச், ஏப்ரலில் அந்தி நேரத்தில் குஞ்சுகள் கடலில் விடப்படுகின்றன. விமான டிக்கெட் எடுத்து வெளிநாட்டுக் கடற்கரையில் ஆமை பார்க்கக் காசு கட்டுகிறவர்கள் பலருக்கும், மாநகரப் பேருந்து போகிற தூரத்தில் இது நடப்பது தெரியாது. தெரிந்தவர்களும் மே மாதத்தில் விசாரிக்கிறார்கள். அதற்குள் கடைசிக் குழிகளும் முடிந்திருக்கும்.

பருவத்தில் போனாலும் ஆமை தென்படும் என்று எவரும் உறுதி தரமுடியாது. இரவு முழுக்க நடந்து ஒரு தடத்தைக்கூடக் காணாமல் திரும்பும் நாட்களே அதிகம். இறந்த ஆமை கண்ணில் படும் நாட்களும் உண்டு. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை மடிகளில் சிக்கி, மூச்சுவிட மேலே வரமுடியாமல் மூழ்கி இறந்தவையே பெரும்பாலானவை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இப்படியான காட்சியையும் உள்ளடக்கியதுதான் இயற்கைப் பயணம். விளம்பரப் படத்தில் இது வராது.

பவளப்பாறைகளின் விஷயத்தில் மே மாதத்தைத் தேர்வது நோயாளியைக் காய்ச்சல் உச்சத்தில் பார்க்கப் போவதற்குச் சமம். தூத்துக்குடி முதல் பாம்பன் வரை நீளும் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. 21இல் இரண்டு, பவளக்கல் வெட்டி எடுத்ததால் நீருக்குள் போய்விட்டன. பவளத்தின் திசுக்குள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகள், தண்ணீர் வாரக்கணக்கில் 30 டிகிரிக்கு மேல் நின்றால் வெளியேறிவிடும். பாறை சுண்ணாம்பாக வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் இது ஏப்ரல் முதல் ஜூன் வரை நிகழ்கிறது. 2010இலும் 2016இலும் கடுமையாக நிகழ்ந்தது. போதாக்குறைக்கு, மே மாதம் வலுக்கும் தென்மேற்குக் காற்று அடிமணலைக் கிளறி நீரைக் கலக்கிவிடுகிறது. கண்ணாடி அடித்தளப் படகில் ஏறியவருக்குத் தெரிவது பச்சைக் கலங்கலும் வெளுத்த கல்லும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான அமைதி நாட்களில் அதே படகில் ஏறினால் காட்சியே வேறு. தீவுகளில் இறங்க சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. இறக்கிவிடுகிறேன் என்று கூப்பிடும் படகுக்காரர் சட்டத்தை மீறச் சொல்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மழைக்கால அச்சத்தைப் பேசாமல் இந்த மறுப்பு முழுமையாகாது. அச்சத்தில் நியாயம் இருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் கரையேறியது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்து கோடியக்கரைக் காட்டையே சாய்த்தது, வெளிமான்களும் செத்தன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரியை மூழ்கடித்தது. நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும் குடும்பத்தோடு கடலோரத்தில் தங்கச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. ஆனால் பரவலான கருத்து இந்த ஆறு வார அச்சத்தை எடுத்து ஆறு மாதத்தின் மீது போர்த்திவிடுகிறது. ஜனவரியில் பருவமழை விடைபெறுகிறது, புயல் அபூர்வம், காற்றில் ஈரம் குறைவு, பகல் வெப்பம் முப்பதைச் சுற்றியே நிற்கும். சதுப்பில் தண்ணீர், வானில் வலசைப் பறவை, கரையில் ஆமை, தென்கடலில் தெளிவு, இவை நான்கும் ஒரே நேரத்தில் கூடிவரும் காலம் தை, மாசி. தமிழகக் கரையின் பருவம் என்று ஒன்றைச் சொல்வதானால் அதுதான்.

காலம் என்றால் மாதம் மட்டுமன்று. நேரமும் அதில் சேரும். பிச்சாவரத்துக்குப் போகிறவர்கள் சிதம்பரத்தில் நடராஜரை வணங்கி, சாப்பிட்டுவிட்டு, மதியம் பன்னிரண்டு மணிக்குப் படகுத்துறையில் வரிசையில் நிற்பது வழக்கம். உச்சி வெயிலில் பறவை அசையாது. அதோடு ஓதக் கணக்கையும் யாரும் பார்ப்பதில்லை. கிழக்குக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு அமாவாசை, பௌர்ணமியிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். சரிவே இல்லாத சேற்று நிலத்தில் அந்தச் சின்ன வேறுபாடு பெரிய பரப்பைத் திறந்து மூடுகிறது. ஏற்றத்தில் எல்லாம் தண்ணீருக்குள். வற்றத்தில்தான் சுரபுன்னையின் முட்டுவேர்கள் முழு உயரத்துக்குத் தெரியும். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து ஆணி அடித்ததுபோல நிமிர்ந்திருக்கும். ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டும் நண்டுகளும் சேற்றில் தாவும் மீன்களும் வெளியே வரும். முழு வற்றத்தில் ஒடுங்கிய வாய்க்கால்களில் படகு தரைதட்டும். ஆகவே வற்றம் முடிந்து நீர் ஏறத் தொடங்கும் நேரமும், காலையில் படகுத்துறை திறக்கும் நேரமும் ஒத்துவரும் நாளே பிச்சாவரத்துக்கான நாள். துடுப்புப் படகுதான் வேண்டும். மோட்டார்ப் படகு அகலமான கால்வாயோடு நின்றுவிடும், சத்தத்தில் பறவையும் பறந்துவிடும். ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அது இல்லாவிட்டாலும் கிள்ளை மீனவரிடம் ஒரு கேள்வி போதும்.

அறைக்கு வருவதற்குள் இவ்வளவு முடிவாகிவிட வேண்டும். வழக்கமான திட்டத்தில் அறைதான் நாயகன். அதுவும் கடலைப் பார்த்த அறை. அந்த அறை எதன் மீது நிற்கிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. அலைக்கும் நிலத்துக்கும் இடையே அடம்பும் இராவணன் மீசையும் வேர்விட்டுப் பிடித்துவைத்த மணல்மேடு இருந்த இடம் அது. புயலலையைத் தாங்குவதும், கரை அரிக்கும்போது மணல் கொடுப்பதும், ஆமைக்கு முட்டையிட இடம் தருவதும் அந்த மேடு. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக அதைச் சமப்படுத்திப் புல்வெளியும் நீச்சல் குளமும் ஆக்கியிருக்கிறார்கள். கடலை எதிரே வைத்துக்கொண்டு நீச்சல் குளம் எதற்கு என்று கேட்கக்கூடாது. இரவில் அங்கே எரியும் விளக்குகள் இன்னொரு கேடு. முட்டையிலிருந்து வந்த ஆமைக்குஞ்சு வெளிச்சமான தொடுவானை நோக்கி ஊர்கிறது. இருட்டுக் கரையில் அது கடல், விளக்குக் கரையில் அது உணவகத்தின் மாடம். கடல் தெரியும் அறையை முன்பதிவு செய்துவிட்டு ஆமை நடைக்குப் பெயர் கொடுப்பதிலுள்ள முரண் பலருக்கும் உறைப்பதில்லை.

சுத்தமான கடற்கரையே நல்ல கடற்கரை என்ற துணைக் கருத்தும் இங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கோவளம் 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. குளிக்கும் நீரின் தரம், கழிப்பறை, உயிர்காப்பாளர், குப்பை அகற்றல் ஆகியவற்றைப் பெரிதும் பார்த்து வழங்கப்படும் சான்று அது. குளிக்கப் போகிறவர்களுக்கு உதவும். அதை இயற்கைச் சான்றாகப் படிப்பதுதான் தவறு. அலை ஒதுக்கிய கடற்பாசி, சிப்பி, சருகு வரியில்தான் மணல்தத்திகளும் நண்டுகளும் வாழ்கின்றன. அவற்றைத் தேடித்தான் உப்புக்கொத்தியும் கல்திருப்பி உள்ளானும் வருகின்றன. இயந்திரம் ஓட்டி வாரிச் சலித்த மணல் கண்ணுக்கு அழகு, வயிற்றுக்கு ஒன்றுமில்லை. நெகிழிக் குப்பை அகற்றப்பட வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் கடல் கொண்டுவந்து போட்டதெல்லாம் குப்பை அன்று. ஆழிப்பேரலைக்குப் பிறகு பல கரைகளில் வரிசையாக நட்ட சவுக்குத் தோப்பும் இந்த வகைதான். பச்சையாக இருக்கிறது, நிழல் தருகிறது, படம் எடுக்க நன்றாக இருக்கிறது. மணல்மேட்டுச் செடிகளையும் ஆமைக்கான திறந்த மணலையும் விழுங்கிவிட்டது.

தங்குமிடம் கரையிலிருந்து தள்ளி, ஊருக்குள் இருப்பதே இயற்கைப் பயணத்துக்கு ஏற்றது. கோடியக்கரைக்கு வேதாரண்யம், பிச்சாவரத்துக்குச் சிதம்பரம், மன்னார் வளைகுடாவுக்கு ராமநாதபுரமோ தூத்துக்குடியோ. நல்ல படுக்கையும் நல்ல இட்லியும் கிடைக்கும். விடிகாலையில் ஒரு ஆட்டோ வேண்டும், அவ்வளவுதான். மிச்சமாகும் பணத்தில் நல்ல இருகண்நோக்கி ஒன்று வாங்கலாம். எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். கடல் தெரியும் பால்கனியைவிட அதில் கடல் அதிகம் தெரியும்.

பிள்ளைகளுக்கு மே மாதத்தில்தானே விடுமுறை என்பது வலுவான எதிர்வாதம். பலருக்கும் கடைசி வாதமும் அதுதான். அரையாண்டுத் தேர்வு விடுமுறை டிசம்பர் கடைசியில் தொடங்கிப் புத்தாண்டை ஒட்டி முடிகிறது. ஜனவரி நடுவில் பொங்கலுக்கு நான்கைந்து நாள் கிடைக்கிறது. மேலே சொன்ன பருவத்தை ஒட்டித்தான் இரண்டும் விழுகின்றன. காணும் பொங்கலன்று நகரத்துக் கடற்கரைகளில் நிற்க இடம் இருக்காது என்பது உண்மை; அன்று சதுப்புக்குப் போகவேண்டியதுதான். மூன்று முழு நாள் இருந்தால் கோடியக்கரையையும் பிச்சாவரத்தையும் பதறாமல் பார்க்கலாம். பத்து நாள் வேண்டும் என்று நினைப்பதும் மலைவாசத்தல வழக்கத்தின் மிச்சம். இயற்கையைப் பார்க்க நாட்களின் எண்ணிக்கையைவிட எந்த நாள் என்பதே முக்கியம்.

இதெல்லாம் பறவைநோக்கர்களுக்கு, சாதாரணக் குடும்பங்களுக்கு ஒத்துவராது என்று சொல்கிறவர்களும் உண்டு. மீனவர் குடும்பத்தில் பிறந்த எட்டு வயதுப் பிள்ளைக்குக் காற்றின் பெயரும் ஓதமும் எந்த மீனுக்கு எந்த மாதம் என்பதும் தெரியும். அதில் கால்வாசியைத் தெரிந்துகொள்வது பட்டணத்துப் பெற்றோருக்கு எட்டாத வித்தையா என்ன? ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் படகுப் பயணத்தில் அலையாத்தியையும் கடற்புல்லையும் காட்டிச் சொல்லித் தருகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். அந்தக் கடற்புல்லை மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் 2022இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியாவைக் காட்டுகிறோம் என்று எவராவது அழைத்தால் நம்ப வேண்டாம். வாழ்நாளெல்லாம் அந்தக் கடலில் தொழில் செய்தவர்களே எப்போதாவதுதான் பார்க்கிறார்கள்.

படகில் ஏறும்போது கறார் வேண்டும். பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர்காப்பு உடை யாரும் அணிந்திருக்கவில்லை. உடை இல்லாத படகு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கடைகளில் விற்கும் பவளத் துண்டு, கடல் குதிரை போன்றவை வனவிலங்குச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை, வாங்கினாலும் குற்றம். மணலில் கிடக்கும் வெற்றுச் சங்கையும் விட்டுவிட வேண்டும். துறவி நண்டுக்கு அது வீடு.

எல்லாம் சொன்ன பிறகும் மே மாதம்தான் முடியும் என்கிற குடும்பங்கள் இருக்கும். அவர்களுக்கும் கடற்கரை உண்டு; எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். கோடியக்கரையில் பூநாரையை மறந்துவிட்டு உலர் பசுமைக் காட்டுக்கும் புல்வெளிக்கும் போகலாம். விடிகாலையில் வெளிமான்கள் திறந்த வெளியில் மேயும். முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகுமாகக் கிடாய் தனியே தெரியும். பாலை மரங்களில் பழம் பழுக்கும் காலமும் அதுதான். பாம்பனில் தென்கடலை விட்டு வடகடல் பக்கம் தங்கலாம். காலை எட்டரைக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அறைக்குத் திரும்பிவிட வேண்டும். மீன் சாப்பாட்டில் மட்டும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. துறைமுகங்களில் படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும் அந்த நாட்களில், எதிரே கடல் தெரியும் உணவகத்தில் இலைக்கு வரும் வஞ்சிரம் பனிக்கட்டியில் பல நாள் கிடந்ததாகவோ, ஜூன் மாதம்தான் தடை தொடங்கும் மேற்குக் கரையிலிருந்து லாரியில் வந்ததாகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நாட்டுப்படகுக்காரர்கள் காலையில் கரையில் கொட்டி விற்கும் மத்தியும் காரலும்தான் அந்த மாதத்தில் அந்தக் கடலின் மீன்.